பென்சில் படத்திற்கு மையிடுதல்: பேனாவும் தூரிகையும் தேர்ந்தெடுக்கும் முறை

களத்தில் சேகரித்த ஒரு செடியையோ பூச்சியையோ பென்சிலால் வரைந்து முடித்தவுடன் வேலையிற் பெரும்பகுதி முடிந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. மையிடுதல் என்பது பென்சில் கோட்டின்மேல் மற்றொரு கோட்டை இழுக்கும் எளிய செயலென்றே பலரும் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. பென்சில் கோடு ஐயத்திற்கு இடந்தரும். மங்கலாக விடலாம், அழிக்கலாம், திருத்தலாம். மையிட்ட கோடோ ஒரு முடிவைக் கூறுகின்றது. இலையின் விளிம்பு இங்கே முடிகின்றது, இம்மயிர் இவ்வளவு நீளமுடையது, இந்நரம்பு இவ்விடத்தில் கிளைக்கின்றது என்று அது உறுதி மொழிகின்றது. அவ்வுறுதியை அச்சிற்கும் கொண்டுசெல்லக்கூடிய கருவி எது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள்.

கோட்டுப்படத்தின் பயன்

ராபர்ட் வைட் என்னும் தாவரவியலறிஞர் 1838 முதல் 1853 வரை சென்னையிலிருந்து ஆறு தொகுதிகளாக வெளியிட்ட இந்தியத் தாவரப் படத்தொகுப்பில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றிற் பலவற்றிற்கு மூலமாய் அமைந்தவை ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் வரைந்தவை. கல்லச்சில் பதிக்கப்பெற்ற அப்படங்கள் பெரும்பாலும் வண்ணமற்ற கோட்டுப்படங்களே. எனினும் செடிகளை இனங்காண அவை இன்றளவும் பயன்படுகின்றன. ஒளிப்படம் ஒரு தனிச்செடியின் ஒரு கணத்தோற்றத்தைக் காட்டும். கோட்டுப்படம் அவ்வினத்தை மற்றோரினத்தினின்று பிரித்தறிய உதவும் உறுப்புகளைத் தேர்ந்து காட்டும். 1890இல் நிறுவப்பெற்ற இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையும், 1916இல் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையும் தம் வெளியீடுகளில் கோட்டுப்படங்களை இடையறாது கையாண்டு வருவதற்குக் காரணம் இதுவே.

உலர்த்திய மாதிரி ஒரே இடத்தில்தான் இருக்கும். அதனைக் காண இயலாத தொலைவிலுள்ள களப்பணியாளர் அச்சிட்ட படத்தை நம்பியே தம் கையிலுள்ள செடிக்குப் பெயரிடுகின்றார். படத்திற் பிழையிருப்பின் பெயரும் பிழையாகும். அப்பெயரை நம்பித் தொடரும் குறிப்புகள் யாவும் பிழையாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

நாட்டின் பல பகுதிகளிலும் சாலையோரங்களிற் காணப்படும் வெட்டுக்காயப் பூண்டினை எடுத்துக்கொள்வோம். டிரைடாக்ஸ் புரோகும்பென்ஸ் என்பது இதன் அறிவியற் பெயர். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய இச்செடி எந்தப் பள்ளியின் அருகிலும் எளிதிற் கிடைக்கும். இதன் விதைபோன்ற சிறு கனியின் தலையில் பாப்பஸ் எனப்படும் மயிர்க்கற்றை உண்டு. அதன் ஒவ்வொரு மயிரும் இருபுறமும் நுண்ணிய கிளைமயிர்களைக் கொண்டு பறவையின் இறகுபோல் அமைந்திருக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த சீதேவி செங்கழுநீர்ச் செடியின் பாப்பஸ் மயிர்களோ இவ்வாறு இறகுபோற் கிளைப்பதில்லை. பாப்பஸ் இறகு வடிவினதா, அன்றா என்பது இக்குடும்பத்துச் செடிகளை இனங்காண்பதில் மிகவும் பயன்படும் வேறுபாடு.

பென்சிலில் அக்கிளைமயிர்களைத் திருத்தமாக வரைந்த ஒருவர், மையிடும்போது தடித்த பேனாவை எடுத்தால் கிளைமயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துவிடும். மிக மெல்லிய பேனாவை எடுத்தால் அச்சில் அவை மறைந்தொழியும். இருவகையிலும் இறகு வடிவம் அழிந்து, படிப்பவர் வேறோர் இனத்தைத் தேடிச் செல்வார். கண்டதிலும் பிழையில்லை, பென்சிலிலும் பிழையில்லை. கருவியைத் தேர்ந்ததிலேயே பிழை நேர்ந்தது.

முதற்கண் அச்சின் அளவு

ஆதலின், பேனாவைக் கையிலெடுக்குமுன் கேட்கவேண்டிய முதல் வினா, படம் எவ்வளவு குறுக்கி அச்சிடப்படும் என்பதே. படங்களை அச்சளவினும் ஒன்றரை மடங்கு அல்லது இரு மடங்கு பெரிதாக வரைந்து, பின்னர்க் குறுக்குவது வழக்கம். குறுக்கும்போது கைநடுக்கத்தால் விளைந்த சிறு குறைகள் தென்படாமற் போகும். ஆனால், படத்தின் நீளம் குறையும் விகிதத்திலேயே கோட்டின் தடிப்பும், கோடுகளுக்கிடையேயுள்ள வெளியும் குறையும் என்பதை மறத்தலாகாது.

அச்சில் ஒரு கோடு 0.1 மி.மீ. தடிப்பிற்குக் குறையாதிருத்தல் வேண்டுமென்பது பல அறிவியல் இதழ்கள் கைக்கொள்ளும் எல்லை. படம் பாதியாகக் குறுக்கப்படுமாயின், மூலப்படத்தில் 0.2 மி.மீ.க்குக் குறைந்த கோடு இருத்தலாகாது. 0.13 மி.மீ. பேனாவால் வரைந்த கோடு அச்சில் 0.065 மி.மீ. ஆகி, இடையிடையே அறுபட்டுத் தோன்றும். அவ்வாறே, மூலத்தில் 0.2 மி.மீ. இடைவெளிவிட்டு வரைந்த இரு கோடுகள் அச்சில் 0.1 மி.மீ. இடைவெளியே பெற்று, மை பரவியவிடத்து ஒன்றாகிவிடும். இடைவெளியை இருமடங்கு விடுதல் நன்று.

பொறியியல் வரைபடங்களுக்கென வகுக்கப்பெற்ற பன்னாட்டுத் தர வரிசை இங்கே பெரிதும் உதவும். 0.13, 0.18, 0.25, 0.35, 0.50, 0.70, 1.00 மி.மீ. என்னும் அவ்வரிசையில் ஒவ்வொரு தடிப்பும் முன்னதனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்காகும். ஏ4 தாளுக்கும் ஏ3 தாளுக்கும் உள்ள விகிதமும் இதுவே. எனவே, ஏ3 தாளில் 0.35 மி.மீ. பேனாவால் வரைந்த கோடு, ஏ4 அளவிற்குக் குறுக்கியதும் 0.25 மி.மீ. ஆகும், அதனை மீண்டும் ஏ5 அளவிற்குக் குறுக்கினால் 0.18 மி.மீ. ஆகும். ஒவ்வொரு படி குறுக்கத்திற்கும் வரிசையில் ஒருபடி இறங்குகின்றோம் என நினைவில் வைத்துக்கொண்டாற் போதும். பாதியாகக் குறுக்கப்படும் படத்திற்குப் புறவரைக்கு 0.35, உள்விவரங்களுக்கு 0.25, அளவுகோட்டிற்கு 0.50 எனத் தேர்ந்தெடுத்தல் பெரும்பாலும் பொருந்தும்.

படத்தின் அடியில் “இரு மடங்கு பெரிது” என்றெழுதாமல் அளவுகோடு ஒன்றை வரைவதே முறை. அச்சிடுவோர் குறுக்கத்தை மாற்றினும் அளவுகோடு படத்தோடு சேர்ந்து குறுகும்; எழுத்தால் எழுதிய மடங்கோ பொய்யாகிவிடும்.

பேனா வகைகள்

இப்பணிக்குரிய பேனாக்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, மையில் தோய்த்தெழுதும் முள் பேனா. நிலப்படம் வரைவோர் கையாண்ட மேப்பிங் பேனாவும், குழல் வடிவிலமைந்த குரோகுவில் முள்ளும் இவ்வகையின. முள்ளின் நுனி பிளவுபட்டிருத்தலால், அழுத்தும்போது பிளவு விரிந்து கோடு தடிக்கும். அழுத்தத்தைத் தளர்த்தும்போது கோடு மெலியும். ஒரே இழுப்பில் தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும் கோடு வேண்டுமாயின் இதற்கு நிகரான பேனா வேறில்லை. இலைநரம்பு நடுநரம்பினின்று தடித்துப் புறப்பட்டு விளிம்பை நோக்கி மெலிவதை இது இயல்பாகக் காட்டும். முள்ளைத் தன்னை நோக்கியே இழுத்தல் வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் நுனி தாளிற் குத்தி மையைத் தெறிக்கும். ஆதலால் கையைத் திருப்பாமல் தாளைத் திருப்பிக்கொள்வது நல்ல பழக்கம். புதிய முள்ளில் துருப்பிடியாதிருக்க எண்ணெய் அல்லது அரக்குப் பூச்சு இருக்கும். அதனைச் சோப்பு நீரிற் கழுவித் துடைத்தபின்னரே மை அதில் சீராகப் பற்றும்.

இரண்டாவது, குழல்முனைப் பேனா. ஜெர்மனியின் ராட்ரிங் நிறுவனம் 1953இல் ராப்பிடோகிராஃப் என்னும் பெயரில் வெளியிட்ட பேனா இவ்வகையிற் பெயர்பெற்றது. நம் வரைகலைக் கூடங்களில் இவ்வகைப் பேனாவையே “ராட்ரிங் பேனா” என்று வழங்கினர். நுண்ணிய உலோகக் குழலின் வழியே மை இறங்குவதால், அழுத்தினும் அழுத்தாவிடினும் கோட்டின் தடிப்பு மாறாது. இதனைச் செங்குத்தாகப் பிடித்தல் வேண்டும். அளவுகோடு, எழுத்து, உருநிழலைக் காட்டும் புள்ளிகள் ஆகியவற்றிற்கு இது மிகச் சிறந்தது. புள்ளிகளால் நிழலிடும்போது புள்ளிகளின் பருமன் ஒன்றாயிருந்து நெருக்கம் மட்டுமே மாறவேண்டும். முள் பேனாவால் அது எளிதன்று. ஆனால் மெலிந்து முடியும் மயிரை இப்பேனா காட்டாது. அதனால் வரைந்த மயிர் இருமுனையும் ஒத்த குச்சிபோல் தோன்றும்.

மூன்றாவது, நார்முனைப் பேனா. இன்று எழுதுபொருட் கடைகளில் எளிதிற் கிடைப்பது இதுவே. நிறமிமை கொண்டது என்று குறிக்கப்பெற்றதையே வாங்குதல் வேண்டும். இதன் மேலுள்ள எண் குறித்து ஒரு எச்சரிக்கை தேவை. ஜப்பானின் சகூரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் பேனாக்களில் 005 என்பது 0.05 மி.மீ. அன்று, 0.20 மி.மீ. ஆகும். 01 என்பது 0.25, 02 என்பது 0.30, 03 என்பது 0.35, 05 என்பது 0.45, 08 என்பது 0.50 மி.மீ. ஆகும். எண்ணை அளவென மயங்கிக் கணக்கிட்டால் மேற்கூறிய குறுக்கக் கணக்கு முழுவதும் தவறிவிடும். மேலும், நார்முனை நாளடைவில் மழுங்கும். அழுத்தி எழுதினால் விரைவில் மழுங்கும். மழுங்கிய பேனாவைப் புறவரைக்கு ஒதுக்கி, நுண்விவரத்திற்குப் புதியதைக் கொள்க.

பந்துமுனைப் பேனா இப்பணிக்கு ஆகாது. அதன் கோடு ஓரிடத்திற் திரண்டும் ஓரிடத்தில் வெளுத்தும் காணும்.

தூரிகை

தூரிகை வண்ணத்திற்கே உரியது என்னும் எண்ணம் சரியன்று. மையிடுதலில் அதற்கு மூன்று பணிகள் உண்டு. கறுத்த பரப்பை நிரப்புதல் முதற்பணி. மினுங்கும் வண்டின் இறக்கையுறையில் ஒளிபடும் இடத்தை வெண்மையாக விட்டுப் பிறவற்றைக் கறுப்பாக்கவேண்டுமாயின், பேனாவால் பலமுறை உரசினாற் தாளின் மேற்பரப்பு சிதையும். தூரிகையோ தாளைத் தொட்டும் தொடாமலும் மையை விடும். நீண்டு வளைந்து மெலியும் கோடுகளை, பூச்சியின் உணர்கொம்பு, கொடியின் பற்றுச்சுருள் போன்றவற்றை, தடையின்றி இழுத்தல் இரண்டாம் பணி. வெள்ளை வண்ணத்தால் பிழை திருத்துதல் மூன்றாம் பணி.

நுண்ணிய கோட்டிற்கு மிகச் சிறிய தூரிகையே வேண்டுமெனக் கருதி மூன்று சுழி எண்ணுடைய தூரிகையை வாங்குவோர் பலர். அது தாங்கும் மை மிகச் சிறிது. தாளை அடையுமுன்னரே காய்ந்துவிடும். கோட்டின் நுண்மை தூரிகையின் பருமனைப் பொறுத்ததன்று. அதன் நுனியைப் பொறுத்தது. கூரிய நுனியுடைய 1 அல்லது 2 ஆம் எண் தூரிகை நீண்ட கோட்டையும் இடையறாது இழுக்கும். வாங்கும்போது தூரிகையை நீரில் நனைத்து, ஒருமுறை உதறிப் பார்த்தல் வேண்டும். மயிர்கள் தாமாகவே ஒரே கூர்நுனியாகக் குவிந்தால் தூரிகை நல்லது. இரண்டாகப் பிளந்தாலோ, ஒரு மயிர் புறத்தே நீட்டிக்கொண்டாலோ அதனைத் தள்ளுக.

மயிரின் வகையும் கருதத்தக்கது. கோலின்ஸ்கி என்னும் பெயரில் விற்கப்படும் தூரிகை சைபீரிய மரநாயினத்தின் வால்மயிரால் ஆனது. மையை நன்கு தாங்கும், விலை மிகுதி. நம் நாட்டில் கீரிமயிர்த் தூரிகைகளும் நெடுங்காலம் விற்கப்பட்டன. கீரி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிரினம். அதன் மயிரால் ஆன தூரிகையைச் செய்வதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். உயிரினங்களை ஆராயும் நம் போன்றோர் இதனை அறியாமல் வாங்குதல் தகாது. விற்பவர் மயிரின் வகையைத் தெளிவாகக் கூறாவிடின் அத்தூரிகையை வாங்காது விடுக. பள்ளிகளுக்கும் களநிலையங்களுக்கும் செயற்கை இழைத் தூரிகையே ஏற்றது. விலை குறைவு, உலர்மாதிரிகளை அரிக்கும் வண்டுகளும் அதனை அரிப்பதில்லை.

மையும் தாளும்

கருவி நன்றாயினும் மை பொருந்தாவிடின் பயனில்லை. புகைக்கரியும் பிசினும் சேர்ந்த கறுப்பு மையையே இந்தியன் இங்க் என்கின்றோம். கரி ஒளியில் வெளுப்பதில்லை. அரக்குச் சேர்ந்த வகை காய்ந்தபின் நீரிற் கரைவதுமில்லை. சாதாரண எழுதும் மை சாயத்தால் ஆனது. நாளடைவில் வெளுக்கும், ஈரம் பட்டாற் பரவும். ஆனால், இந்தியன் இங்கை எழுதும் மைப்பேனாவில் ஊற்றலாகாது. அரக்கு காய்ந்து மைவழியை அடைத்துவிடும். அது முள் பேனாவிற்கும் தூரிகைக்குமே உரியது. குழல்முனைப் பேனாவிற்கு அதற்கெனச் செய்த மையையே பயன்படுத்துக. மைக்குப் பயன்படும் தூரிகையை வண்ணத்திற்குப் பயன்படுத்தாது தனியே வைத்தல் வேண்டும். தோய்க்குமுன் நீரில் நனைத்து, உலோகப் பூணை மை தொடாமல் தோய்த்து, வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் கழுவி, நுனியைக் கூராக்கி வைக்க.

தாள் வழவழப்பாக இருத்தல் இன்றியமையாதது. கைத்தாளின் மேடுபள்ளங்களில் முள் சிக்கி நார்களைக் கிளப்பும். பென்சில் 2எச் அல்லது அதனினும் கடினமானதாக இருத்தல் நலம். மென்பென்சிலின் கரித்தூள் தாளிற் படிந்து மை பற்றுவதைத் தடுக்கும். மை முற்றும் காய்ந்தபின் மென்மையான ரப்பரால் பென்சிற் கோடுகளை நீக்குக. அழுத்தித் தேய்த்தால் மைக்கோடே சாம்பல் நிறமாகும். இதில் கண்ணுக்குத் தோன்றாத ஒரு தீங்குண்டு. இன்று கோட்டுப்படங்கள் ஸ்கேனரில் கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டாக மட்டும் பிரித்துப் பதிவாகின்றன. சாம்பல் நிறக்கோடு வெள்ளை எனக் கணிக்கப்பட்டு மறைந்துபோகலாம். பதிவின் நுண்மை அங்குலத்திற்கு 1200 படப்புள்ளிகளாக இருத்தல் வேண்டும். அப்போது 0.2 மி.மீ. கோட்டின் குறுக்கே ஒன்பது படப்புள்ளிகள் அமையும். 300 ஆக வைத்தால் இரண்டே அமையும்.

மாதிரிக்கு மையிடும் முறை

இனி, வெட்டுக்காயப் பூண்டின் படம் பாதியாகக் குறுக்கப்படும் எனக் கொண்டு கருவிகளை வரிசைப்படுத்துவோம். தண்டு, இலை, நீண்ட பூங்காம்பு ஆகியவற்றின் புறவரைக்கு 0.35 குழல்முனைப் பேனா அல்லது 03 எண் நார்முனைப் பேனா பொருந்தும். விளிம்பிலுள்ள பற்களை ஒவ்வொன்றாகப் பென்சிற் படத்தில் உள்ளவாறே பின்பற்றுக; ஒரே அளவினவாக்கி அழகுபடுத்தலாகாது. நரம்புகளை முள் பேனாவால் நடுநரம்பிலிருந்து வெளிநோக்கி இழுக்க.

இச்செடியின் இலைமயிர்கள் அடி பருத்து நுனி கூர்ந்தவை. முள் பேனாவை அடியில் சற்றே அழுத்தி, நுனியை நோக்கி விரைந்து தூக்கினால் அவ்வியல்பு தானே அமையும். பாப்பஸின் கிளைமயிர்களைச் செடியின் முழுப்படத்தில் காட்ட முயலுதல் வீண். அவ்வளவிற் போதிய இடைவெளி கிடையாது. கனி ஒன்றைத் தனியே பெரிதாக்கி வரைந்து, நடுமயிரை 0.25 பேனாவாலும் கிளைமயிர்களைக் குரோகுவில் முள்ளாலும் காட்டுக. கிளைமயிர்களிடையே அச்சில் 0.2 மி.மீ. வெளி கிடைக்குமளவு உருப்பெருக்கத்தை முன்னரே கணித்துக்கொள்ளுதல் வேண்டும். தெளிவாகக் காணாத உறுப்பை மையால் நிரப்பலாகாது. மாதிரியை மீண்டும் உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்த பின்னரே பேனாவை எடுக்க.

பருவமும் பயணமும்

மழைக்காலத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சுவதால் மை நார்வழியே பரவும். உலர்த்தும் குருணைகள் இட்ட மூடிய பெட்டியில் தாளை வைத்துப் பயன்படுத்துக. வறண்ட கோடையில் முள்ளின் நுனியிலேயே மை காயும். மின்விசிறிக்கு நேர்கீழே அமராமல், ஈரத்துணி ஒன்றை அருகில் வைத்து அடிக்கடி முள்ளைத் துடைக்க. மலைப்பயணத்திற் குழல்முனைப் பேனாவிற்குத் தனிக்கவனம் வேண்டும். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. பேனாவின் உள்ளேயுள்ள காற்று விரிந்து மையை வெளித்தள்ளும். ஆதலின் பேனாவை முற்றும் நிரப்பியோ, முற்றும் காலியாகவோ, முனை மேல்நோக்கி இருக்குமாறு எடுத்துச் செல்க. களத்தில் பென்சிலோடு நின்று, மையிடுதலை நிலையத்திற்குத் திரும்பியபின் செய்வதே பெரும்பாலும் அறிவுடைமை.

பயிற்சி

ஆசிரியர்கள் மாணவர்க்கு முதலிற் செடியை மையிடக் கற்பிக்காமல், சோதனை அட்டை ஒன்றைச் செய்விப்பது நன்று. படத்திற்குரிய அதே தாளின் துண்டொன்றில், கையிலுள்ள ஒவ்வொரு பேனாவாலும் தூரிகையாலும் பத்து இணைகோடுகள், இருபது புள்ளிகள், மெலிந்து முடியும் பத்து மயிர்கள் ஆகியவற்றை வரைந்து, அருகே கருவியின் பெயரை எழுதுக. பின்னர் அதனை நகலெடுக்கும் பொறியில் 71 விழுக்காட்டிற்கும் 50 விழுக்காட்டிற்கும் குறுக்கி எடுத்து, மூலத்தோடு ஒப்பிடுக. எந்தக் கோடு அறுந்தது, எந்த இடைவெளி அடைந்தது, எந்த மயிர் குச்சியாயிற்று என்பவை கண்முன்னே தோன்றும். அவ்வட்டையைச் சுவரில் மாட்டிவைத்தால், அடுத்த படத்திற்கு எந்தக் கருவி என்னும் வினாவிற்கு அதுவே விடைகூறும். களநிலையங்களிலும் புதிய பேனாவோ புதிய தாளோ வரும்போதெல்லாம் இச்சோதனையைச் செய்துகொள்ளலாம்.

விலையுயர்ந்த கருவி நல்ல படத்தைத் தாராது. பழகிய கருவி என்பதனாலும் அது பொருத்தமாகிவிடாது. மாதிரியில் கண்ட இயல்பு எது, அச்சில் நிற்கும் கோடு எவ்வளவு என்னும் இரண்டையும் முன்வைத்துத் தேர்ந்த கருவியே, தொலைவிலிருந்து அப்படத்தை நம்பும் களப்பணியாளரைச் சரியான பெயருக்கு இட்டுச்செல்லும்.